என் பேட்ச் ஆறு வாரமாக அப்படியே கிடக்கிறது, ஃபோர்க் செய்துவிடலாமா?

துணைக்கால் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தினமும் குறிப்பு எழுதுவது டெர்மினலில் (கட்டளைத் திரையில்) ஓடும் ஒரு சின்ன திறந்தமூல எடிட்டரில். சி மொழியில் எழுதியது, இரண்டு பேர் தங்கள் வேலை போக மீதி நேரத்தில் பராமரிக்கிறார்கள். பெயர் இங்கே வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதும்போது எனக்கு அதைவிட வசதியான எடிட்டர் கிடையாது. தமிழ் எழுதினால்தான் சிக்கல். "கொக்கு" என்று அடித்துவிட்டு இடது அம்புக்குறியை அழுத்தினால் கர்சர் எழுத்துக்கு நடுவிலெல்லாம் நிற்கிறது, மூன்று எழுத்துச் சொல்லைக் கடக்க ஆறு தடவை அழுத்த வேண்டும். அதைவிட மோசம், கர்சரை முதல் எழுத்தில் வைத்து டெலீட் அழுத்தினால் ககரம் மட்டும் போய்விடும். கொம்பும் காலும் நடுவில் ஒரு புள்ளி வட்டத்தோடு தனியாக நிற்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசுக்கு என்னவோ போல் இருக்கும்.

சரி, நாமே திருத்திவிடலாம் என்று மூலநிரலை இறக்கிப் பார்த்தேன். காரணத்தைக் கண்டுபிடிக்கவே இரண்டு இரவு போயிற்று. கர்சரை நகர்த்தும் ஃபங்ஷன் பைட்டுகளை மட்டும்தான் பார்க்கிறது. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு பைட் 10 என்ற இரண்டு பிட்டுகளோடு தொடங்கினால் அது முந்தையதின் தொடர்ச்சி, அதைத் தாண்டு, இல்லையென்றால் அங்கேயே நில். அதாவது ஒரு யூனிகோட் குறியீட்டை ஒரு எழுத்து என்று எடுத்துக்கொள்கிறது. க ஒரு குறியீடு, ஒகரக் குறி இன்னொரு குறியீடு, அதனால் நடுவில் நிற்கிறது. உயிர்மெய்க் குறியும் புள்ளியும் வந்தால் அதையும் சேர்த்துத் தாண்டும்படி மாற்றினேன். கூடவே பேக்ஸ்பேஸ் ஒரு தடவை அழுத்தினால் முழு எழுத்தும் போகும்படி செய்தேன். திரை அகலம் கணக்கிடும் ஃபங்ஷனும் தப்பாகத் தெரிந்ததால் அதைப் புதிதாக எழுதினேன். அந்தக் கோப்பில் டேபும் ஸ்பேஸும் கலந்து கிடந்தன, அதையும் ஒழுங்கு செய்தேன். மொத்தம் 1100 வரி மாற்றம், நான்கு இரவு வேலை. இதுதான் என் பேட்ச்.

இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று புல் ரிக்வெஸ்ட் அனுப்பி ஆறு வாரம் ஆகிறது. முதல் வாரத்தில் "பெரிதாக இருக்கிறது, நேரம் கிடைக்கும்போது பார்க்கிறேன்" என்று ஒரு வரி வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. மூன்று தடவை நினைவுபடுத்தினேன். இதற்குள் வேறு யாருடைய சின்னச் சின்ன மாற்றங்களோ உள்ளே போய்க்கொண்டிருக்கின்றன. நம் மொழி என்பதால் யாருக்கும் அக்கறை இல்லையோ என்று வருத்தமாக இருக்கிறது. கூட வேலை செய்பவர் "ஃபோர்க் செய்து உன் பெயரில் வெளியிடு" என்கிறார், அதாவது நிரலை நகலெடுத்துத் தனியாக வளர்க்கச் சொல்கிறார். செய்யலாமா? நேரடியாகச் சொல்லுங்கள்.

கருந்திரை எழுதியது:

நேரடியாகவே சொல்கிறேன், உங்கள் பேட்சை நானும் திறந்திருக்க மாட்டேன். எட்டு வருடமாக ஒரு எடிட்டர் பிளகினைப் பராமரிக்கிறேன், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து எப்படித் தெரியும் என்று சொல்ல முடியும்.

ஞாயிறு இரவு குழந்தை தூங்கிய பிறகு ஒரு மணி நேரம் கிடைக்கிறது என்று வையுங்கள். வரிசையில் பன்னிரண்டு புல் ரிக்வெஸ்ட் நிற்கிறது. ஆறு வரி மாற்றமும் ஒரு டெஸ்டும் உள்ளதை இருபது நிமிடத்தில் படித்து முடிவெடுத்துவிடலாம். 1100 வரி உள்ளதைத் திறந்தால், இடைவெளி மாறிய வரி எது, தர்க்கம் மாறிய வரி எது என்று பிரித்துப் பார்க்கவே அந்த ஒரு மணி நேரம் சரியாகிவிடும். அதனால் அடுத்த வாரத்துக்குத் தள்ளுவேன். அடுத்த வாரமும் அதுவே நடக்கும். இதில் மொழிக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். உங்கள் எடிட்டரைப் பராமரிப்பவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. திரையில் கொம்பும் காலும் சரியாக நிற்கிறதா, எழுத்து உடைந்திருக்கிறதா என்று அவரால் பார்த்துச் சொல்ல முடியாது. "இப்போது சரியாகிவிட்டது" என்று நீங்கள் சொல்வதை நம்பித்தான் மெர்ஜ் செய்ய (மூலநிரலில் சேர்க்க) வேண்டும். நீங்கள் ஆறு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விடலாம், அதற்கப்புறம் அந்த வரிகளுக்கு வரும் ஒவ்வொரு பக் ரிப்போர்ட்டுக்கும் பதில் சொல்லப் போவது அவர்தான். தமிழ் தெரியாதவரும் ஓட்டிப் பார்த்து ஆமாம், இல்லை என்று சொல்லக்கூடிய சோதனையாகக் கொடுங்கள். இந்த ஆறு பைட் உள்ள கோப்பைத் திற, வலது அம்பை ஒரு தடவை அழுத்து, கர்சர் பைட் 6-இல் இருக்க வேண்டும், இப்போது 3-இல் இருக்கிறது. இவ்வளவு போதும். இதைப் படிக்க எந்த மொழியும் தெரிய வேண்டியதில்லை.

விம் எடிட்டரின் கமிட் வரலாற்றை, அதாவது மாற்றங்களின் பதிவைப் போய்ப் பாருங்கள், எனக்குத் தெரிந்து இந்த விஷயத்துக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பேட்ச் எண், அதன் கீழே "பிராப்ளம்" என்று ஒரு பத்தி, "சொல்யூஷன்" என்று ஒரு பத்தி. பெரும்பாலும் ஆளுக்கு இரண்டு வரிதான். பிராம் மோலெனார் 1988-இல் அமிகா கணினியில் தொடங்கி, 1991-இல் முதலில் வெளியிட்டு, 2023 ஆகஸ்டில் இறக்கும் வரை அதைக் கவனித்துக்கொண்டார். முப்பது வருடத்துக்கு மேல் ஒரே ஆள் ஒரு நிரலைப் பிடித்துக்கொண்டிருக்க முடிந்ததற்கு அந்த இரண்டு பத்தி ஒழுக்கமும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். பத்து வருடம் கழித்து ஒரு வரியைப் பார்த்து "இது ஏன் இங்கே இருக்கிறது" என்று கேட்டால் அந்தப் பேட்ச் பதில் சொல்லும்.

உங்கள் புல் ரிக்வெஸ்டை நீங்களே மூடிவிடுங்கள். இடைவெளி திருத்தத்தைத் தூக்கிப் போடுங்கள், அதை யாரும் கேட்கவில்லை, எந்த வரியை யார் மாற்றினார் என்று பிளேம் எடுத்துப் பார்ப்பவருக்கு அது தொல்லை மட்டும்தான். கர்சர் நகர்வை மட்டும் முதலில் அனுப்புங்கள்.

பைட்_எண்ணி எழுதியது:

கருந்திரை சொன்னது முறை பற்றி. நான் உள்ளடக்கம் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பேட்சில் ஒரு பகுதியை நான் ஏற்கமாட்டேன்.

பேக்ஸ்பேஸ். "கோ" என்று அடிக்க நினைத்து "கொ" என்று விழுந்துவிட்டது. இப்போது பேக்ஸ்பேஸ் அழுத்தினால் ஒகரக் குறி மட்டும் போய் க நிற்க வேண்டும், நெடில் குறியை அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். முழு எழுத்தும் போனால் ககரத்தையும் திரும்ப அடிக்க வேண்டும். தமிழ் வேகமாகத் தட்டச்சு செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலோர் முதல் வகையைத்தான் விரும்புவார்கள், மற்ற பல இடங்களில் விரல் பழகியிருப்பதும் அதுதான். கர்சர் முழு எழுத்தாக நகரட்டும், முன்னோக்கி அழிக்கும் டெலீட் முழு எழுத்தையும் எடுக்கட்டும், பேக்ஸ்பேஸ் மட்டும் கடைசிக் குறியீட்டை எடுக்கட்டும். ஆனால் இதிலும் எல்லோரும் ஒரே பக்கம் இல்லை. விம்மில் டெல்கம்பைன் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, இயல்பாக அது அணைந்திருக்கும், அப்போது பேக்ஸ்பேஸும் எக்ஸ் விசையும் எழுத்தை அதன் குறிகளோடு சேர்த்தே அழிக்கும், இயக்கினால் ஒவ்வொரு குறியாகப் போகும். அதாவது பழக்கத்தைச் சார்ந்த விஷயம் என்று தெரிந்து பயனர் கையில் விட்டிருக்கிறார்கள். நீங்கள் கர்சர் பக்கைத் திருத்துகிறேன் என்று சொல்லி இந்தப் பழக்கத்தையும் கூடவே மாற்றினால் பராமரிப்பவர் தயங்கத்தான் செய்வார்.

அகலக் கணக்கையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். அது உங்கள் எடிட்டருக்குள் முடிகிற விஷயம் இல்லை. யூனிகோடில் ஈகாரக் குறியும் புள்ளியும் இடம் பிடிக்காத குறிகள் என்ற வகை. இகரம், உகரம், கால், கொம்பு எல்லாம் இடம் பிடிக்கும் குறிகள். பல டெர்மினல்கள் இதை வைத்து "கீ"-க்கு ஒரு கட்டமும் "கி"-க்கு இரண்டு கட்டமும் ஒதுக்கும். விம்மோ இரண்டு வகையையும் தாய் எழுத்தோடு சேர்த்து ஒரே கட்டமாக எண்ணும். எடிட்டர் ஒரு கணக்கு, டெர்மினல் ஒரு கணக்கு என்று ஆகும்போதுதான் வரியின் பாதிக்கு மேல் கர்சர் வேறெங்கோ நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் எழுதிய புது ஃபங்ஷன் உங்கள் டெர்மினலில் சரியாக இருக்கும், இன்னொருவருடையதில் உடையும்.

டெஸ்டுக்கு என்னென்ன எழுத்து வைப்பது என்று யோசித்தால் இவற்றை மறக்க வேண்டாம். "கொ" இரண்டு விதமாகக் கோப்பில் இருக்கலாம். க, ஒகரக் குறி என்று இரண்டு குறியீடு, 6 பைட். அல்லது க, ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என்று மூன்று குறியீடு, 9 பைட். திரையில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, கர்சர் இரண்டையும் ஒரே தாவலில் கடக்க வேண்டும். இரண்டாவதை முதலாவதாக மாற்றிச் சேமித்துவிடலாமே என்று ஒரு ஆசை வரும், வேண்டவே வேண்டாம், பயனர் தொடாத பைட்டை எடிட்டர் மாற்றக் கூடாது. "ஸ்ரீ" இன்னொன்று. வழக்கமான ஸகரத்தில் தொடங்கியும் வரும், 2005-இல் யூனிகோட் 4.1-இல் சேர்த்த ஶகரத்தில் தொடங்கியும் வரும். எப்படி வந்தாலும் 12 பைட். எதை ஒரே எழுத்தாக எண்ணுவது என்று சொல்லும் யூனிகோடின் எழுத்துக்கொத்து விதிப்படி அது ஒரே கொத்து இல்லை, ஸ் ஒன்று, ரீ ஒன்று, இரண்டு தாவல். "க்ஷ"வும் அப்படித்தான்.

கடைசியாக, இதுதான் முக்கியம். ஒரு வரி எடுத்த எடுப்பில் தனிக் குறியோடு தொடங்கினால் உங்கள் நிரல் என்ன செய்யும்? முன்னால் தாய் எழுத்தே இல்லை. இடது பக்கம் போகும்போது குறியாக இருக்கும் வரை பின்னால் போ என்று லூப் எழுதியிருந்தால் அது எங்கே போய் நிற்கும்? சோதித்தீர்களா? எடிட்டர்களில் நினைவகப் பிழைகள் அதிகம் ஒளிந்திருப்பது இந்த மாதிரி வரி ஓரங்களில்தான்.

மாலைநேரம் எழுதியது:

ஃபோர்க் பற்றி யாரும் பேசவில்லையே, அதற்கு நான் சொல்கிறேன்.

ஃபோர்க் செய்வது தப்பே இல்லை, அது திறந்தமூலத்தில் இருக்கும் உரிமை. சில நேரம் எல்லோருக்கும் நல்லதும் நடக்கும். விம்மில் ஒத்திசைவற்ற (பின்னணியில் ஓடும்) வேலைகளுக்கான ஒரு பெரிய பேட்ச் ஏற்கப்படாமல் போன பிறகு 2014-இல் அதன் ஃபோர்க்காக நியோவிம் பிறந்தது. 2016-இல் வந்த விம் 8.0-இல் அதே வேலைக்கான ஜாப், சேனல் வசதிகள் எல்லாம் சேர்ந்தன. போட்டி இருந்ததால் இரண்டு பக்கமும் வளர்ந்தது என்றுதான் நான் பார்க்கிறேன். ஆனால் நியோவிம் பின்னால் ஒரு பெரிய கூட்டமே வேலை செய்தது, பழைய நிரலைத் துப்புரவு செய்து, டெஸ்ட் அமைப்பைக் கட்டி, விம்மில் வரும் ஒவ்வொரு பேட்சையும் எண் வாரியாகப் பார்த்துத் தங்கள் பக்கம் கொண்டுவந்துகொண்டே இருக்கிறார்கள். நீங்கள் ஃபோர்க் செய்தால் அந்த வேலையை யார் செய்வார்கள்? மூல எடிட்டரில் ஒரு பாதுகாப்புப் பிழை வருகிறது என்று வையுங்கள். 2019-இல் விம்மில் மோட்லைன் (கோப்புக்குள்ளேயே எழுதும் எடிட்டர் அமைப்பு வரி) பிழை வந்தது, ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பைத் திறந்தாலே அதில் ஒளித்து வைத்த கட்டளை ஓடிவிடும் நிலை. அது நியோவிம்மையும் பாதித்தது, அங்கேயும் தனியாகத் திருத்தி வெளியிட வேண்டியிருந்தது. கர்சர் சரியாக நகர வேண்டும் என்ற ஒரு தேவைக்காக இத்தனையையும் தோளில் ஏற்றிக்கொள்ளப் போகிறீர்களா?

கருந்திரையோடு ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஆறு வாரம் மௌனம் சரியில்லை. "இப்போது எடுக்க மாட்டேன், இப்படிப் பிரித்து அனுப்பு" என்று இரண்டு வரி எழுத ஒரு நிமிடம் போதும், அதற்காக நான்கு இரவு உட்கார்ந்தவருக்கு அந்த ஒரு நிமிடம் தர வேண்டியது கடமை என்று நினைக்கிறேன். நேரம் இல்லையென்றால் திட்டத்தின் முகப்பிலேயே "பதிலுக்கு இரண்டு மாதம் ஆகும்" என்று எழுதி வைக்கலாம்.

ஆனால் நச்சரிப்பதும் வேண்டாம். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் யூட்டில்ஸ் நிரலில் நடந்தது நினைவிருக்கும். சோர்ந்துபோயிருந்த ஒரே பராமரிப்பாளரை ஏன் இன்னும் பேட்ச் எடுக்கவில்லை, வேறு யாரையாவது சேர்த்துக்கொள் என்று மெயிலிங் லிஸ்டில் நெருக்கினார்கள், அப்படி உள்ளே வந்தவர் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வைத்தார். 2024 மார்ச் கடைசியில் ஒருவர் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைவது) அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டியதால்தான் வெளியே தெரிந்தது. அதற்குப் பிறகு அவசரப்படுத்தும் குரலைக் கேட்டாலே பல பராமரிப்பாளர்கள் ஒரு அடி பின்னால் போகிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

அப்படியென்றால் நம்பிக்கையை எப்படிச் சம்பாதிப்பது? அங்கே திறந்து கிடக்கும் மற்ற இஷ்யூக்களை, அதாவது பிழைப் புகார்களைப் பாருங்கள். "நானும் ஓட்டிப் பார்த்தேன், இந்தப் பதிப்பில் வருகிறது, முந்தைய பதிப்பில் வரவில்லை" என்று எழுதுவதே பெரிய உதவி. நேரம் இருந்தால் கமிட்டுகளைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்ட் போடுங்கள், ஆயிரம் கமிட் இருந்தாலும் பத்து தடவை ஓட்டினால் எந்தக் கமிட்டில் உடைந்தது என்று பிடித்துவிடலாம். பிராம் இறந்தபோது விம் நின்றுபோகவில்லை. பல வருடமாக அங்கேயே பேட்ச் எழுதிக்கொண்டும் பதில் சொல்லிக்கொண்டும் இருந்த கிறிஸ்டியன் பிராபாண்ட் பொறுப்பை எடுத்துக்கொண்டார், 2024 ஜனவரி 2 அன்று 9.1 வந்தது, அதைப் பிராமுக்கே அர்ப்பணித்தார்கள். இப்படித் தினமும் வந்துபோகிற ஒருவர் இல்லாத திட்டங்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

துணைக்கால் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து வருகிறேன், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பைட்_எண்ணி கேட்ட கேள்வி தூங்க விடவில்லை. அன்று இரவே ஒகரக் குறி ஒன்றை மட்டும் வைத்து மூன்று பைட் கோப்பு ஒன்று உருவாக்கினேன். நினைவகப் பிழைகளைக் காட்டிக்கொடுக்கும் அட்ரஸ் சானிட்டைசர் போட்டு எடிட்டரைக் கட்டி, கோப்பைத் திறந்து, வரியின் கடைசிக்குப் போய் இடது அம்பை அழுத்தினேன். ஒரே அழுத்தில் செத்து விழுந்தது. என் லூப் வரியின் தொடக்கத்தையும் தாண்டிப் பின்னால் போய், வரிக்கு முன்னால் உள்ள நினைவகத்தைப் படித்திருக்கிறது. சானிட்டைசர் இல்லாமல் நான்கு இரவும் இதே நிரலை ஓட்டியிருக்கிறேன், ஒரு தடவைகூட வெளியே தெரியவில்லை. இதைப் பராமரிப்பவர் அப்படியே மெர்ஜ் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது.

பழைய புல் ரிக்வெஸ்டை மூடி, காரணத்தையும் எழுதி, கர்சர் நகர்வை மட்டும் புதிதாக அனுப்பினேன். நிரலில் 31 வரி, டெஸ்டில் 44 வரி. டெஸ்டில் தமிழ் எழுத்தே இல்லை, எல்லாம் பைட் எண்கள்தான், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு வரிக் குறிப்பு. பேக்ஸ்பேஸை விட்டுவிட்டேன். நான்காம் நாள் பதில் வந்தது. தாமதத்துக்கு வருத்தம் தெரிவித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். "இந்திக்கும் இது சரியாக வேலை செய்யுமா? அங்கே கூட்டெழுத்து உடையுமா? எனக்குத் தெரியாது, நீ சொல்." இதற்கு என்ன பதில் எழுதுவது?

பைட்_எண்ணி எழுதியது:

நல்ல கேள்வி கேட்டிருக்கிறார், அவர் கவனமாகப் படித்திருக்கிறார் என்று அர்த்தம்.

உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். உங்கள் பேட்ச் குறிகளைத் தாய் எழுத்தோடு சேர்க்கிறது, கூட்டெழுத்தைச் சேர்ப்பதில்லை. தேவநாகரிக் கூட்டெழுத்து நடுவில் கர்சர் நிற்கும், இன்றும் நிற்கிறது, இந்தப் பேட்ச் அதை மோசமாக்கவில்லை. 2023-இல் வந்த யூனிகோட் 15.1 எழுத்துக்கொத்து விதியில் கூட்டெழுத்துக்கென்று ஒரு புது விதி சேர்த்தார்கள். தேவநாகரி, வங்காளம், குஜராத்தி, ஒடியா, தெலுங்கு, மலையாளம் அதில் வரும், தமிழ் வராது. அதற்குத் தனி அட்டவணை தேவை, தனி பேட்ச். நீங்கள் எந்த யூனிகோட் பதிப்பின் அட்டவணையைப் பயன்படுத்தினீர்கள் என்பதைக் கோப்பின் தலையில் குறிப்பாக எழுதி வையுங்கள், அடுத்த பதிப்பு வரும்போது புதுப்பிக்கிறவருக்கு அது வேண்டும். இந்தி எழுதும் ஒருவரை இஷ்யூவில் கூப்பிட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், நாம் ஊகித்துச் சொல்ல வேண்டாம்.

டெலீட் விசை திருத்தத்தை இது உள்ளே போன பிறகு அனுப்புங்கள். அதற்கும் அந்த மூன்று பைட் கோப்பை முதல் டெஸ்டாக வையுங்கள்.